ராஜாவோட ஜாடை இருந்தா ராஜா மகனா? சர் ஜான் பெராட் கதை

முகஜாடையை மட்டும் வச்சுக்கிட்டு ஒருத்தருக்கு அப்பா யாருன்னு சொல்லிட முடியுமா? இங்கிலாந்துல ஒரு நைட்டைப் பத்தி கிட்டத்தட்ட 400 வருஷமா இந்தப் பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. சர் ஜான் பெராட்னு பேரு. ஆள் நல்ல உயரம், வாட்டசாட்டமான உடம்பு, சுள்ளுன்னு வர்ற கோவம், இடி மாதிரி குரல், இதையெல்லாம் பாத்துட்டு இவர் எட்டாம் ஹென்றிக்கே பொறந்தவர்னு சொன்னாங்க. இணையத்துல இவர் பேரைத் தேடினா மொத வரியே இதுதான் வரும், அதுக்கப்புறம் அந்த மனுஷன் என்ன செஞ்சாருன்னு யாரும் பாக்கறதே இல்ல. எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு, அதனாலதான் அடிப்படைலேருந்து எழுதறேன், டியூடர் வரலாறு ஒண்ணுமே தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம்.

மொதல்ல டியூடர்னா யாருன்னு பாத்துடுவோம். 1485-லேருந்து 1603 வரைக்கும் இங்கிலாந்தை ஆண்ட ஒரு குடும்பம். ஏழாம் ஹென்றி போர்ல ஜெயிச்சு ஆட்சியைப் புடிச்சாரு, அவர் மகன்தான் ஆறு கல்யாணம் பண்ணின எட்டாம் ஹென்றி, அவருக்கப்புறம் அவரோட புள்ளைங்க மூணு பேரு வரிசையா ஆண்டாங்க: எட்வர்டு, மேரி, எலிசபெத். (நடுவுல ஒம்பது நாள் ஜேன் கிரேன்னு ஒரு பொண்ண உக்கார வச்சாங்க, அது தனிக்கதை.) நம்ம பெராட் ஹென்றி காலத்துல பொறந்து எலிசபெத் காலத்துல செத்தவர், அந்த நாலு ஆட்சியையும் பாத்தவர்.

நைட் அப்படிங்கறது பரம்பரையா வர்ற பட்டம் இல்ல, இத நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. டியூக், ஏர்ல் மாதிரி பட்டம்லாம் அப்பா செத்தா மூத்த மகனுக்குப் போயிடும். நைட் பட்டம் அப்படிப் போகாது, மண்டியிட்டு இருக்கறவர் தோள்ல ராஜாவோ ராஜா அதிகாரம் குடுத்த ஒருத்தரோ வாளால தொட்டா அவர் நைட், பேருக்கு முன்னாடி சர்னு போட்டுக்கலாம், அவர் செத்தா அதோட சரி. அதனால பெராட்டுக்கு நைட் பட்டம் கெடச்சதையே ராஜ ரத்தத்துக்கு சாட்சியா காட்டினா அது எடுபடாது, வசதியான நெலக்கிழார் வீட்டுப் பையனுக்கு அந்தக் காலத்துல அது சாதாரணமா கெடைக்கிறதுதான்.

இப்ப ராஜ ரத்தம். ராஜாவுக்கு கல்யாணத்துக்கு வெளிய ஒரு மகன் பொறந்தா அவனுக்கு சிம்மாசன உரிமை கெடையாது, ஆனா ராஜா நெனச்சா "இவன் என் மகன்"னு வெளிப்படையா ஏத்துக்கிட்டு சொத்து, பட்டம் எல்லாம் குடுக்கலாம். ஹென்றி அப்படி ஒருத்தர ஏத்துக்கிட்டாரு, 1519-ல எலிசபெத் பிளவுண்ட்னு ஒரு கல்யாணமாகாத பொண்ணுக்குப் பொறந்த பையன், ஹென்றி ஃபிட்ஸ்ராய்னு பேரு வச்சாங்க. ஃபிட்ஸ்ராய்னாலே ராஜா மகன்னுதான் அர்த்தம். ஆறு வயசுல அவன ரிச்மண்ட் டியூக் ஆக்கினாரு, 17 வயசுலயே அவன் செத்துட்டான். ஆக ஹென்றி மறைக்கிற ஆள் இல்லன்னு தெரியுது, ஆனா இங்க ஒரு முடிச்சு இருக்கு. தாய் கல்யாணமானவளா இருந்தா சட்டப்படி குழந்தை அவ புருஷனோடதுதான், அப்ப ராஜா அத உரிமை கொண்டாடறது ரொம்ப சிக்கல். மேரி பொலின்னு ஒருத்தர் இருந்தாங்க, ஹென்றியோட ரெண்டாவது மனைவி ஆன் பொலினோட அக்கா, தங்கச்சின்னு சொல்றவங்களும் உண்டு. அவங்க வில்லியம் கேரிங்கறவர் மனைவியா இருக்கும்போது அவங்களுக்கும் ராஜாவுக்கும் உறவு இருந்தது நல்லாத் தெரிஞ்ச விஷயம், ஆன்னைக் கட்டிக்கறதுக்காக போப்கிட்ட ஹென்றி கேட்ட விசேஷ அனுமதியிலயே அந்த உறவுக்குத் தேவையான விலக்கும் சேந்திருந்தது. அந்த மேரியோட பிள்ளைங்களைப் பத்தியும் இதே மாதிரி ஒரு வதந்தி உண்டு. அதுக்காவது உறவு இருந்ததுன்னு ஆதாரம் இருக்கு. பெராட் விஷயத்துல அந்த மொதப் படியே கெடையாது.

அவர் அம்மா பேரு மேரி பெர்க்லி. அப்பா தாமஸ் பெராட், வேல்ஸோட தென்மேற்கு மூலைல பெம்ப்ரோக்‌ஷயர்ல பெரிய நெலக்கிழார், ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊருக்குப் பக்கத்துல ஹரோல்ட்ஸ்டன்கிற எடத்துல வீடு. 1528 நவம்பர்ல ஜான் பொறந்தாரு. ரெண்டு பொண்ணுங்களோட வளந்த ஒரே ஆம்பளப் புள்ள. நவம்பர்ல பொறந்தா கரு உண்டானது அந்த வருஷம் பிப்ரவரி வாக்குல, அப்ப ஹென்றி எங்க இருந்தாரு, மேரி எங்க இருந்தாங்கன்னு ரோஜர் டர்வி மாதிரி வரலாற்று ஆய்வாளருங்க பாத்திருக்காங்க, ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்ததுக்குத் தடயம் சிக்கல. போதாததுக்கு அந்த வருஷம் ஹென்றி ஆன் பொலின் மேல பைத்தியமா இருந்தாரு, காதல் கடுதாசியா எழுதித் தள்ளிக்கிட்டு, மொத மனைவிகிட்டேருந்து எப்படியாவது விடுபடணும்னு போப்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த காலம்.

சரி, பையன் எப்படி மேல வந்தான்? 18 வயசு வாக்குல வில்லியம் பாலட்ங்கற பெரிய பிரபு வீட்டுக்கு அனுப்பி வைக்கறாங்க, அந்தக் காலத்துல பெரிய எடத்துப் பசங்க பழக்கவழக்கம் கத்துக்கறது இப்படித்தான். அங்க இருக்கும்போது அரண்மனைக் காவலர் ரெண்டு பேரோட அடிதடி, அவங்க ரெண்டு பேர், இவர் ஒத்த ஆள், ஆனாலும் சமாளிச்சாரு, விஷயம் ராஜா காதுக்குப் போய் ஹென்றி இவரைக் கூப்ட்டு பேசி ஏதாவது பண்றேன்னு சொன்னதா ஒரு கதை இருக்கு. பண்றதுக்குள்ள 1547 ஜனவரில ஹென்றி செத்துட்டாரு. எட்வர்டு காலத்துல நைட் ஆனாரு, 1551-ல ராஜாவுக்குப் பொண்ணு பேசப் பிரான்ஸ் போன தூதுக்குழுவுல இவரும் போனாரு. செலவாளி மனுஷன், கடன் கழுத்தை நெரிச்சிருக்கு, அப்ப ராஜா நடமாடற எடமாப் பாத்து நின்னு தன் கஷ்டத்தை சத்தமா தனக்குத்தானே புலம்பி, அது ராஜா காதுல விழுந்து உதவி கெடச்சுதுன்னு சொல்வாங்க. அந்தக் குரல் அன்னிக்கு அவரைக் காப்பாத்துச்சு.

அடுத்து மேரி ராணி வந்தாங்க, தீவிர கத்தோலிக்கர். பெராட் புராட்டஸ்டன்ட். தன் வீட்டுல புராட்டஸ்டன்ட்டுங்களுக்கு எடம் குடுத்தாருன்னு ஊர்க்காரர் ஒருத்தரே போட்டுக் குடுக்க, கொஞ்ச நாள் ஜெயில்ல இருந்தாரு. வெளிய வந்தப்புறம் வேல்ஸ்ல மதத்துரோகிங்களத் தேடிப் புடிக்க உதவி கேட்டாங்க, முடியாதுன்னுட்டாரு. பிறத்தியார உயிரோட எரிச்சுக்கிட்டிருந்த ஆட்சில ராணி ஆளுங்க கேட்டதுக்கு முடியாதுன்னு சொல்றது லேசுப்பட்ட விஷயம் இல்ல, இந்த எடத்துல எனக்கு அவர்மேல உண்மையான மரியாதை.

1559-ல எலிசபெத் முடிசூட்டு விழாவுல ராணி தலைக்கு மேல விதானம் புடிச்சுக்கிட்டுப் போன நாலு பேர்ல இவர் ஒருத்தர். இதைக்கூட "பாத்தீங்களா, தம்பி மொறைக்கு செஞ்ச மரியாதை"ன்னு சொல்றவங்க இருக்காங்க (எலிசபெத் பொறந்தது 1533, அப்ப இவர் அண்ணன் மொறைதான் ஆகணும், அதக்கூட கவனிக்கறதில்ல). முந்தின ஆட்சில புராட்டஸ்டன்ட்டா இருந்து அடிபட்ட, பாக்க கம்பீரமா இருக்கற ஒரு ஆளைப் புது ராணி பக்கத்துல நிறுத்திக்கறதுல ரத்த சம்பந்தம் தேட வேண்டிய அவசியமே இல்ல. அதுக்கப்புறம் பத்துப் பன்னெண்டு வருஷம் பெம்ப்ரோக்‌ஷயர்லதான், பார்லிமென்ட் உறுப்பினர், ஊர் மேயர், கடலோரத்துக்கு அதிகாரி, பக்கத்து வீட்டுக்காரங்களோட ஓயாத வழக்கு.

அயர்லாந்துதான் இவர் வாழ்க்கையோட பெரிய பகுதி. 1571-ல தெற்கு அயர்லாந்துல மன்ஸ்டர் மாகாணத்துக்குத் தலைவரா அனுப்பறாங்க, அந்தப் பதவில போய் உக்காந்த மொத ஆள்னு வச்சுக்கலாம். அங்க ஜேம்ஸ் ஃபிட்ஸ்மாரிஸ்னு ஒருத்தர் இங்கிலாந்து ஆட்சியை எதுத்துக் கிளம்பியிருந்தாரு, இவர் வந்து எறங்கின கையோட கில்மல்லக் ஊரை எரிச்சு வரவேற்பு குடுத்தாரு. பெராட் விடல. காடு, சதுப்பு நெலம்னு ரெண்டு வருஷம் தொரத்தினாரு, கலகக்காரங்கன்னு சுமார் 800 பேரைத் தூக்குல போட்டதா கணக்கு வருது. இத ஒரு வீரசாகசமா எழுதறவங்களோட என்னால சேர முடியாது, 800-ங்கறது அந்தக் கால ஊர் அளவுக்கு ஊர் ஊரா காலியாகற எண்ணிக்கை. காசில்மெய்ன் கோட்டையை மொத வருஷம் முற்றுகை போட்டு முடியல, மறுவருஷம் 1572-ல புடிச்சாரு.

அலைஞ்சு அலுத்துப்போய் ஒரு கட்டத்துல ஃபிட்ஸ்மாரிஸை நேருக்கு நேர் சண்டைக்குக் கூப்ட்டாரு, வா, நம்ம ரெண்டு பேரும் மோதி இத முடிச்சுக்கலாம்னு. குறிச்ச எடத்துல இவர் போய் நிக்கறாரு, அவர் வரவே இல்ல. அவர் சொன்னதா வர்ற பதில் எனக்கு ரொம்பப் புடிக்கும்: நான் பெராட்டைக் கொன்னா ராணி இன்னொரு தலைவரை அனுப்பிடுவாங்க, அவர் என்னைக் கொன்னா என் எடத்துக்கு வர இங்க ஆளே இல்ல. கோழைத்தனம்னு அன்னிக்கு இங்கிலாந்துக்காரங்க சொல்லியிருக்கலாம், எனக்கு அது கச்சிதமான கணக்காத்தான் தெரியுது. கடைசில 1573 பிப்ரவரில ஃபிட்ஸ்மாரிஸ் சரணடைஞ்சாரு, அதுவும் எங்க? தானே எரிச்ச அதே கில்மல்லக்ல. அங்க இருக்கற சர்ச்சுல தரையில விழுந்து மன்னிப்புக் கேக்கறாரு, பெராட் நின்ன வாக்குல தன் வாள் முனைய அவர் நெஞ்சுக்கு நேரா வச்சுக்கிட்டு நிக்கறாரு. குத்தல, மன்னிச்சு விட்டாரு. அந்த மன்னிப்பு நெலைக்கல, ஆறு வருஷத்துல ஃபிட்ஸ்மாரிஸ் வெளிநாட்டு உதவியோட திரும்பி வந்து மறுபடி கலகம் பண்ணி அதுலயே செத்தாரு. பெராட் அதே 1573-ல ராணிகிட்ட அனுமதி வாங்காமயே கப்பலேறி ஊருக்கு வந்துட்டாரு.

1584-ல திரும்ப அயர்லாந்து, இந்தத் தடவை நாட்டுக்கே லார்ட் டெபுட்டி, அதாவது ராணியோட எடத்துல இருந்து ஆளற பதவி. இங்க அவர் செஞ்சது எல்லாத்தையும் சொன்னா நீளும். கானாக்ட் பகுதில பிரபுக்கள் இஷ்டத்துக்கு மக்கள்கிட்ட கறக்கறதை நிறுத்தறோம்னு சொல்லி 1585-ல ஒரு நெல அளவுக்கு 10 ஷில்லிங்னு நெலையான வரி கொண்டு வந்தாரு, அது உருப்படியான வேலை. டப்ளின்ல ஒரு பல்கலைக்கழகம் வேணும்னு ஆசைப்பட்டாரு, அதுக்கு செயின்ட் பேட்ரிக் கதீட்ரல் வருமானத்தை எடுத்துக்கலாம்னு போய் ஆர்ச்பிஷப் ஆடம் லாஃப்டஸைப் பகைச்சுக்கிட்டாரு. அந்த லாஃப்டஸ் சாமானியர் இல்ல, அயர்லாந்தோட லார்ட் சான்ஸலரும், அதாவது அங்க தலைமை நீதி அதிகாரியும், அவர்தான். பின்னால 1592-ல டப்ளின்ல டிரினிட்டி காலேஜ் வந்தப்ப அதுக்கு மொத தலைவரா உக்காந்ததும் அவரேதான், அந்த வருஷம் பெராட் எங்க இருந்தாருன்னு கொஞ்சத்துல பாக்கப்போறோம். இன்னொரு பக்கம் ஆலோசனை சபையில எல்லார் முன்னாடியும் சர் நிக்கலஸ் பேக்னல்ங்கற வயசான அதிகாரியோட கைகலப்பு. இப்படி ஒவ்வொருத்தரா எதிரி சேந்துக்கிட்டே வந்தாங்க.

1587-ல நடந்த ஒரு விஷயத்த மட்டும் விட முடியாது. வடமேற்கு மூலைல டைர்கோனல்னு ஒரு பகுதி, அதை ஆளற ஓ'டானல் குடும்பத்து வாரிசு ஹ்யூ ரோ, 15 வயசுப் பையன். இவன் வளந்தா ஆபத்துன்னு பெராட் நெனச்சாரு. படை அனுப்பினா செலவு, அதனால ஒயின் ஏத்தின ஒரு வியாபாரக் கப்பல ரத்முல்லன் கரைக்கு அனுப்பினாரு. கரையில இருக்கறவங்களுக்கு ஒயின் வித்தாங்க, பெரிய வீட்டுப் பையன் வந்து கேட்டப்ப இங்க தீந்துபோச்சு, கப்பலுக்கு வந்தா தர்றோம்னு கூப்ட்டாங்க. பையன் ஏறினான், உள்ள உக்கார வச்சு ஊத்திக் குடுத்தாங்க, கதவை சாத்தினாங்க, நங்கூரத்தை எடுத்தாச்சு. கரையில ஜனங்க கத்திக்கிட்டே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. நாலு வருஷத்துக்கு மேல டப்ளின் கோட்டைல அடைச்சு வச்சாங்க, 1591 கடைசி குளிர்ல பையன் தப்பிச்சு விக்லோ மலைப் பனில விழுந்து எழுந்து ஓடினான், ரெண்டு கால் கட்டைவிரலும் பனியில போயிடுச்சு. அவன் அப்படி ஓடிக்கிட்டிருந்த நேரத்துல அவனப் புடிச்ச பெராட் லண்டன் டவர்ல கைதி.

எப்படி? நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்களே, அதேதான். 1588-ல அயர்லாந்துலேருந்து திரும்பினவர ராணி தன் ஆலோசனை சபைலயே சேத்துக்கிட்டாங்க, பாக்க எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா டப்ளின்ல இருந்தப்ப கோவத்துல ராணியப் பத்தி அவர் பேசினது ஒண்ணொண்ணா வெளிய வர ஆரம்பிச்சுது. முறைதவறிப் பொறந்தவ, அடுப்படிக்காரி, இவளுக்குப் போய் ஊழியம் பாக்கறேனேன்னு சொல்லியிருக்காரு, நான் ரொம்ப நாகரிகமாக்கி எழுதறேன், மூலத்துல இன்னும் அசிங்கமா இருக்கு. ராணிக்கு நெருக்கமான கிறிஸ்டோஃபர் ஹாட்டனை டான்ஸ் ஆடியே பதவிக்கு வந்தவர்னு கேலி பண்ணினாரு. போதாததுக்கு அயர்லாந்துல இருந்த முன்னாள் பாதிரியார் ஒருத்தர் ஒரு கடுதாசியக் கொண்டு வந்தாரு, பெராட் ஸ்பெயின் ராஜாவுக்கு எழுதினது, எனக்கு வேல்ஸ் குடுத்தா உங்களுக்கு உதவறேன்னு அதுல இருக்குன்னு. அது போலின்னு அன்னிக்கே பேச்சு இருந்துச்சு, அந்தப் பாதிரியார் போலிக் கடுதாசி விஷயத்துல ஏற்கனவே பேர் போனவர். இருந்தாலும் 1591-ல டவர்ல போட்டாங்க, 1592 ஏப்ரல் 27-ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர்ல ராஜத்துரோக விசாரணை.

வெறும் பேச்சுக்கு மரண தண்டனையான்னு கேப்பீங்க. இங்கிலாந்துல 1351-லேயே ஒரு சட்டம், ராஜாவோட சாவை மனசுல நெனச்சாலே துரோகம். மனசுல நெனச்சத எப்படி நிரூபிக்கறது? பேசின பேச்சை வச்சுத்தான். அதனால பெராட்டோட திட்டு ஒவ்வொண்ணும் ராணிக்குக் கேடு நெனச்சதுக்கு சாட்சியா மாறிப்போச்சு. பேசினதை அவர் அடியோட மறுக்கல, துரோகம் பண்ணலன்னுதான் வாதாடினாரு. குத்தவாளின்னு தீர்ப்பு வந்துச்சு. ஜூன்ல மரண தண்டனை சொன்னாங்க, அத நெறவேத்தறதுக்குள்ள அதே 1592-ல டவர்லயே செத்துட்டாரு.

வதந்தியோட உச்சக்கட்டம் இந்த எடத்துலதான். தீர்ப்புக்கு அப்புறம் பெராட், எதிரிங்க பொறாமைக்கு ராணி தன்னோட சகோதரனையே பலி குடுக்கப்போறாங்களான்னு கத்தினதா ஒரு வாக்கியம் எல்லா எடத்துலயும் ஓடுது. இத எழுதினவர் ராபர்ட் நான்டன். எலிசபெத்தோட அரசவை ஆளுங்களப் பத்தி அவர் எழுதின குறிப்புங்க அவர் செத்தப்புறம் 1641-ல அச்சாச்சு. பெராட்டோட உருவம், குணம், நடை, குரல் எல்லாத்தையும் ஹென்றியோட ஒப்பிட்டா ராஜ ரத்தம்னு தெரியும்னு எழுதறதும் இதே நான்டன்தான். சரி, இவர் எப்பப் பொறந்தாரு? 1563-ல. ஹென்றி செத்தது 1547-ல. ஹென்றியோட குரலை நான்டன் கேட்டிருக்கவே முடியாது! இன்னொண்ணு, நான்டனோட மனைவி பெனலோப்பி இந்த ஜான் பெராட்டோட பேத்தி. மனைவியோட தாத்தா துரோகின்னு தீர்ப்பு வாங்கி ஜெயில்ல செத்தவர்ங்கறதை விட ராஜா மகன்ங்கறது குடும்பத்துக்கு எவ்வளவு கௌரவமான கதை, நெனச்சுப் பாருங்க. அவர் பொய் சொன்னாருன்னு நான் சொல்ல வரல, வீட்டுல கேட்டதை நம்பி எழுதியிருக்கலாம்.

நெருப்பில்லாம புகையுமான்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், புகை எப்பக் கிளம்புச்சுன்னு பாருங்க. டியூடர் காலத்துல ராஜ ரத்தம் பெருமையா சொல்லிக்கற விஷயமே இல்ல, அது கழுத்துக்குக் கத்தி. பக்கிங்ஹம் டியூக்கை 1521-ல வெட்டினாங்க, பழைய ராஜவம்சத்து மார்கரெட் போல்ங்கற அம்மாவை 1541-ல 67 வயசுல வெட்டினாங்க, ஸ்காட்லாந்து ராணி மேரியை 1587-ல சொந்த அத்தை மொறையான எலிசபெத்தே வெட்ட விட்டாங்க. முறைதவறிப் பொறந்தவனுக்கு சிம்மாசன உரிமை இல்லதான், ஆனா "நானும் ராஜா மகன்"னு ஒருத்தன் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா சும்மா விட்டிருக்க மாட்டாங்க. விசாரணைல பெராட்டோட ஒவ்வொரு கெட்ட வார்த்தையையும் தோண்டி எடுத்தவங்களுக்கு இப்படி ஒரு பேச்சு அவர் வாயிலேருந்து வந்திருந்தா அது அல்வா மாதிரி இல்லையா, அதை ஒரு குத்தச்சாட்டா அவங்க வைக்கவே இல்ல. கதை தைரியமா எழுத்துல வந்தது 1603-ல எலிசபெத் போய், அந்த வம்சமே முடிஞ்சு, யாருக்கும் ஆபத்து இல்லங்கற காலத்துல.

இன்னொண்ணும் எனக்குத் தோணும். ராணியை அவர் திட்டின அந்த முக்கியமான வார்த்தை முறைதவறிப் பொறந்தவங்கறது. 1536-ல ஆன் பொலினை வெட்டினப்புறம் பார்லிமென்டே எலிசபெத்தை அப்படி அறிவிச்சுது, அது அவங்களுக்கு ஆறாத புண். தன்னையே அந்தப் பொறப்புன்னு நம்பற ஒருத்தர் கோவத்துல மொதல்ல எடுக்கற கல் அதுவா இருக்குமா? தாமஸ் பெராட்டுக்கும் மேரி பெர்க்லிக்கும் ஒழுங்கா பொறந்தவன்னு தன்னைப் பத்தி துளி சந்தேகமும் இல்லாத ஆள் வாயிலதான் அது அவ்வளவு சுலபமா வரும்.

பெம்ப்ரோக்‌ஷயர்ல கேரூ கோட்டை இன்னிக்கும் நிக்குது, தண்ணி ஓரமா. பழைய கோட்டைச் சுவருக்குப் பக்கத்துல வடக்குப் பக்கம் மட்டும் வேற மாதிரி இருக்கும், வரிசையா பெரிய பெரிய ஜன்னல், சண்டைக்குக் கட்டின எடத்துல யாரும் அவ்வளவு ஜன்னல் வைக்க மாட்டாங்க. அதுதான் பெராட் கட்டினது. உள்ள நீளமா ஒரு கூடம், விருந்தாளிங்க நடந்துக்கிட்டே தண்ணியப் பாக்கற மாதிரி. வேலை முடியறதுக்குள்ள அவரை டவர்ல போட்டுட்டாங்க, இப்ப கூரை இல்ல, கண்ணாடி இல்ல, ஜன்னல் வழியா வானம்தான் தெரியும். பக்கத்துல ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊருக்கு அவர் லார்ட் டெபுட்டியா போறதுக்கு முன்னாடியே நெலமும் வீடும் எழுதி வச்சிட்டுப் போனாரு, அதோட வருமானம் ஊர் நன்மைக்குன்னு. அந்த டிரஸ்ட் இன்னும் நடக்குது, பெராட் டிரஸ்ட்னுதான் பேரு.